மந்திரி பிடிச்ச கயிறு

ஒரே ஒரு ஊர்ல, கடலோரமா, செம்பாண்டின்னு ஒருத்தன் இருந்தானாம். சங்கு குளிக்கிறவன். ஒருநாள் முங்கிப் போறான், அடியில பாத்தா சுவரு! சுவரத் தாண்டினா தெரு! தெருவத் தாண்டினா கெணறு! கடலுக்குள்ள எவன்டா கெணறு வெட்டினதுன்னு வாயப் பொளந்தான், ரெண்டு மடக்கு உப்புத்தண்ணியக் குடிச்சிட்டு மேல வந்தான். வந்தவன் நேரா ராஜாகிட்ட ஓடி, "ராசா, கடலுக்குள்ள ஒரு ஊரே முங்கிக் கெடக்கு. உத்தரவு குடுத்தா நல்லாப் பாத்துட்டு வாரேன்"ன்னான்.

பக்கத்துல நின்ன மந்திரி வைரவநாதன், "அதெல்லாம் வேணாம் ராசா"ன்னு குறுக்க விழுந்தான். ஏன்னு கேளுங்க. "கடல் கொண்டுபோன அரண்மனை எங்க முப்பாட்டன் கட்டினது, தூணெல்லாம் தங்கம்"னு புளுகிப் புளுகித்தான் அவன் கோயில்ல மொத மரியாதை வாங்கிட்டிருந்தான்.

அதனால செம்பாண்டி கெளம்பினா "இன்னைக்குக் கரிநாள்"ன்னான். மறுபடி கெளம்பினா "காத்து சரியில்ல"ன்னான். அன்னைக்குக் காத்தே இல்ல! மறுபடியும் கெளம்பினா, "கீழ ஏழுதலைச் சுறா காவல் இருக்கு, கடிச்சிரும்"ன்னான். ராஜா நல்லவருதான், ஆனா யாரு கடைசியாப் பேசுறாங்களோ அவங்கள நம்புற ஆளு.

செம்பாண்டி விடல. "தெனமும் நான் குளிக்கிற கடலு ராசா. அங்க ஒருதலைச் சுறாவே இல்ல"ன்னான். ராஜாவும் சரின்னுட்டாரு.

உடனே மந்திரி, "அப்ப கயித்த நான் பிடிக்கிறேன்"னான். தெனமும் மாதிரி சட்டுன்னு முங்கி வர முடியாது, ஊரப் பாக்க ரொம்ப நேரம் ஆகும், அதனால இடுப்புல கயிறு கட்டி முங்கணும். கீழ இருக்கவன் கயித்த அசைச்சா, மேல இருக்கவன் இழுக்கணும். இழுக்கலேன்னா மூச்சு முட்டிச் செத்துருவான். ஏன் நான் பிடிக்கிறேன்னான், புரியுதா? டேய், முழிச்சிருக்கியா?

செம்பாண்டிக்குப் புரிஞ்சுபோச்சு. "ராசா, எங்க வழக்கத்துல மச்சான்தான் கயிறு பிடிக்கணும். கைய விட்டா அவன் தங்கச்சி தாலியில்ல போகும்? அதனால விடமாட்டான். எனக்குக் கல்யாணமே ஆகல, மச்சானுக்கு எங்க போவேன்?"

"அவ்வளவுதானா? மந்திரிக்கு ஒரு தங்கச்சி இருக்காளே!"ன்னாரு ராஜா.

இருந்தா, பேராச்சின்னு. சீர் செய்யணுமேன்னு வந்த மாப்பிள்ளையெல்லாம் தட்டிக் கழிச்சு, அவள வீட்டுலயே வச்சிருந்தான் அந்தக் கஞ்சன். அவ வந்து செம்பாண்டிய ஏற எறங்கப் பாத்தா. "பல்லு வரிசையா இருக்கு. எனக்குச் சம்மதம்"னா.

தாலி கட்டின கையோட எல்லாரும் தோணியில ஏறினாங்க. செம்பாண்டி முங்கினான். அண்ணன் கண்ணு தண்ணியில, தங்கச்சி கண்ணு அண்ணன் கையில. "அண்ணே, கயித்த விட்டுத்தான் பாரேன். ஆயுசுக்கும் உன் வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து ஒப்பாரி வைப்பேன். மூணு வேளையும் நீதான் சோறு போடணும்!"

கயிறு அசைஞ்சுது. மந்திரி இழுத்தான், இழுத்தான், இழுத்தான், உள்ளங்கை தோலு உரிய இழுத்தான்.

மேல வந்த செம்பாண்டி மடியில ஒரு குழவிக்கல்லு. "ராசா, அரண்மனையும் இல்ல, தங்கத் தூணும் இல்ல. சின்னச் சின்ன வீடுங்க. வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல்லு."

ராஜா அந்தக் குழவியத் தடவித் தடவிப் பாத்தாரு, கண்ணு கலங்கிருச்சு. "நம்மளப் போல மாவாட்டித் தின்ன சனமய்யா, பாவம்." அப்புறம் மந்திரி பக்கம் திரும்பினாரு. "உம்ம முப்பாட்டன் அரண்மனை எங்கய்யா?"

மந்திரி உரிஞ்ச கையப் பின்னால ஒளிச்சுக்கிட்டான்.

"இனிமே மொத மரியாதை செம்பாண்டிக்கு. கீழ இன்னும் எத்தனையோ தெரு பாக்காமக் கெடக்கு. அவன் தெனமும் போகணும், நீரும் கூடப் போகணும். மச்சான்தானே கயிறு பிடிக்கணும்?"

இன்னும் தெருவும் முடியல, மந்திரி கைப்புண்ணும் ஆறல. பொய் சொன்னவன் கையில கொப்புளம், தேடிப் போனவன் தலையில பரிவட்டம். கதை கரையேறிருச்சு, கண்ண மூடுங்க.