எழுதியவர் பெயர்

"மறுபடியும் அதே வரிதான் சார்," என்றார் யாக்கோபு. பில்ட் பாதியில் நின்றிருந்தது. திரையின் அடியில், 'நீங்க நான் இல்லையே.'

ஆப்பை ஒன்றுசேர்க்கும் பில்ட் கருவிக்கு பிளகின் என்ற துணை நிரலை எழுதியவர் தில்லைமதி. போன மாதம் செத்துப்போனார். அவர் நாற்காலிப் பக்கம் யாரும் போவதில்லை. பிளகின் தன்னுடையது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி வைத்திருந்தார் மேனேஜர் தனுஷ்கோடி. ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை.

"மீட்டிங் முடியறதுக்குள்ள பில்ட் ஓடணும். இல்லன்னா நாளைக்கு வராதே. என் கான்ஃபிக் ஃபைலை மட்டும் தொடாதே," என்றார் தனுஷ்கோடி. பிளகினின் அமைப்புகள் இருக்கும் ஃபைல் அது.

யாக்கோபு காண்ட்ராக்ட் ஆள். துரத்துவது சுலபம்.

மீட்டிங்கில் வாடிக்கையாளராக வந்திருந்த அம்மா திரையைப் பார்த்தார். "யார் இப்படிப் பேசறது?"

"தெரியல மேடம். கான்ஃபிக்ல தப்பு இருக்கு. அதை நான் தொடக் கூடாதாம். எழுதினவரே பக்கத்துல இருக்காரே, திருத்தட்டும்," என்று கீபோர்டைத் தள்ளி வைத்தார் யாக்கோபு.

தனுஷ்கோடி ஃபைலைத் திறந்தார். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர். வேறு எதையெதையோ மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே வரி வந்தது. கடைசியில் தன் பெயரை அழித்துவிட்டு, தில்லைமதி என்று அடித்தார்.

பில்ட் ஓடி முடிந்தது.

"தில்லைமதி யாரு?" என்றார் அந்த அம்மா.

"இதை எழுதினவங்க. இப்போ உயிரோட இல்ல," என்றார் யாக்கோபு.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. 'ரொம்ப நேரமா வெளியே நின்னேன்.' பிளகின் முழுக்கத் தேடியும் அந்த வரி எங்கேயும் இல்லை.

மத்தியானம் தனுஷ்கோடி வந்து, "அந்தப் பேரை எடுத்துடுய்யா," என்றார்.

யாக்கோபு எடுக்கவில்லை.