கஸ்பார் கேட்ட வில்

கஸ்பார் அண்ணன் வில் கேட்டு வந்த அன்றைக்கு நானும் அந்த வில்வித்தை மன்றத்தில் புதுசு. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அதற்காக யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது.

வில்வித்தை மன்றம் என்று பேர்தான் பெரிசு. போய்ப் பார்த்தால் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி ஒரு பொட்டல். ஒரு தகரக் கொட்டகை. தரையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு கோடு. அந்தக் கோடியில் வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்குகள். வெயில் உப்பில் பட்டு எழும்பினால் இலக்குகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடும். முதுகு வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாங்க் வேலை முடிந்ததும் நான் போய்ச் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுப்பவர் செண்பகவல்லி டீச்சர். கோவில்பட்டிக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது. கையில் எதையாவது எடுத்துக் கொடுத்து, “பிடிச்சுப் பாருங்க” என்பார்.

முதல் நாள் ஆளாளுக்கு வில் பொறுக்கிக் கொடுத்தார். வந்திருந்த ஆம்பிளைகள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி இருப்பதிலேயே கனத்த வில்லைத்தான் கேட்டார்கள். டீச்சர் எல்லாருக்கும் பதினெட்டு பவுண்டு வில்லை நீட்டினார். நாணை முழுசாக இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் போதும் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இழுக்கிற வில்.

கஸ்பார் அண்ணனுக்கும் அதையே நீட்டினார்.

“இது சின்னப் பிள்ளைய வில்லுலா. நான் விசைப்படகுல வலை இழுக்குறவன், டீச்சர்.”

“வலையை உடம்பு மொத்தமும் சேந்து இழுக்கும். வில்லை முதுகுல ஒரு சின்னத் தசைதான் இழுக்கும். அது உங்களுக்கு இன்னும் முளைக்கவே இல்ல, அண்ணாச்சி.”

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. கொட்டகையின் கடைசி ஆணியில் தனியாகத் தொங்கிய வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அது வேணும்.”

சிரிப்பு நின்றது. அது அவர் மகள் பிலோமியின் வில். பதினாறு வயசுப் பிள்ளை. இதே கோட்டில் நின்று அம்பு விட்டு, ஜில்லா முழுக்கப் பேர் வாங்கினவள். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அந்த வில்லை அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை என்று வந்தவுடனேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அது முப்பத்துநாலு பவுண்டு. போதாக்குறைக்கு இடது கை வில்லு.”

“கை பழகிட்டுப் போவுது.”

“கையைப் பாத்து வில்லு குடுக்குறதில்ல, அண்ணாச்சி. கண்ணைப் பாத்துத்தான்.”

அவரைக் கோட்டில் நிறுத்தினார். ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து, நடுவில் ஒரு சின்ன இடுக்கு விடச் சொன்னார். அந்த இடுக்கு வழியாக முதலில் ரெண்டு கண்ணாலும் இலக்கைப் பார்க்கணும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடணும். எந்தக் கண் திறந்திருக்கையில் இலக்கு இடுக்கை விட்டு நகராமல் நிற்கிறதோ, அதுதான் குறி பார்க்கிற கண். அந்தப் பக்கத்துக் கைதான் நாணை இழுக்கணும். எனக்கும் அப்படித்தான் பார்த்தார். ரொம்பச் சாதாரணமான சோதனை.

“இடது கண்ணை மூடுங்க. டார்கெட்டு தெரியுதா?”

“தெரியுது.”

“இப்போ வலதை மூடுங்க.”

“டார்கெட்டு போயிட்டு.”

“அப்போ உங்களுக்கு வலது கண்ணு. வலது கை வில்லு. கையை இறக்குங்க.”

அவர் இறக்கவில்லை.

“டார்கெட்டு போயிட்டு, டீச்சர். அந்த இடத்துல பிலோமி நிக்கா.”

எல்லாரும் அங்கே பார்த்தோம். உப்பு, கானல், வைக்கோல். வேறு ஒன்றுமில்லை. பட்டப்பகல்தான். ஆனாலும் எனக்குக் குளிர்ந்தது.

அவர் வலது கண்ணைத் திறந்தார். மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

“வலது கை வில்லு எடுத்தா வலது கண்ணாலதான பாக்கணும்? அவ தெரியமாட்டா. அந்த இடது கை வில்லைக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

மன்றத்தில் இருந்த ஒரே இடது கை வில் அதுதான். டீச்சர் போய் ஆணியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, நாண் பூட்டிக் கொடுத்தார். முன்கையில் கட்டுகிற தோலுறையையும் கொடுத்தார். பிலோமியின் அம்புகளை அவர் கேட்டபோது மட்டும் முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

“அது பிள்ளை கை நீளத்துக்கு அறுத்தது. நீங்க இழுத்தா முனை வில்லுக்கு உள்ள வந்துரும். விட்டா உங்க கையையே குத்தும். புது ஆளுக்கு நீளமான அம்புதான்.”

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம்.

“என்ன டீச்சர் இது? கனத்த வில்லு. கண்ணு மாறின வில்லு. போயும் போயும் அவருக்கா?”

“குடுக்கலன்னா சும்மா இருந்துருவாரா? ஆளில்லாத நேரத்துல வந்து கையை நீட்டிக்கிட்டு நிப்பாரு. இப்போ நின்னா நான் பக்கத்துல இருப்பேன்.”

அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். கோட்டில் நிற்பார். அம்பைப் பூட்டுவார். நாணை இழுத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிப்பார். வலது கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். விடமாட்டார். கை நடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, இனி முடியாது என்கிறபோது மெள்ள இறக்குவார். மூச்சு வாங்குவார். மறுபடி இழுப்பார்.

“கை இடுக்குல பாத்தா நிழலு மாரி இருக்கா,” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். “நாணை முழுசா இழுத்தாத்தான் மூஞ்சி தெளியுது. இழுக்க இழுக்க அவ நல்லா தெரியுதா. இன்னைக்கு நெத்தியில அந்தத் தழும்புகூடத் தெரிஞ்சிச்சு. சின்னதுல வள்ளத்துல விழுந்து அடிபட்டது.”

“பேசுனாளா, அண்ணே?”

“இல்ல. சும்மா என்னையவே பாத்துக்கிட்டு நிக்கா.”

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். இடது தோள் வீங்கிப்போனது. சட்டையை மாட்ட ஒருத்தர் துணை வேண்டும் என்ற நிலைமை. அவர் மனைவி எஸ்தாக்கி அக்கா ஒரு நாள் வந்து, கொட்டகை வாசலில் நின்றபடியே டீச்சரிடம் கேட்டாள். “புள்ளைய குடுத்துட்டேன். இந்த மனுசனையாவது வீட்டுக்கு அனுப்பிவைங்கம்மா.” டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள். காற்று என்பதே இல்லை. உப்பளத்தில் ஒரு காக்காகூடக் கத்தவில்லை. நாங்கள் அம்புகளைப் பொறுக்கிவிட்டு வந்து கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கஸ்பார் அண்ணன் மட்டும் நின்றார்.

பிலோமியின் வில்லுக்கு ஒரு குறை உண்டு. மேல் தண்டு பிடியில் சேருகிற இடத்தில், இழுத்துப் பிடித்தால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். கட்டில் கால் முனகுகிற மாதிரி. பிள்ளை அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லையாம். தினமும் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்ட சத்தம்.

அவர் இழுத்தார். கிர்ர். பிடித்தார். கை நடுங்கியது. இறக்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

வில் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, நாண் தளர்ந்து கிடந்தது. சத்தம் எதிர்ப்பக்கமிருந்து வந்தது. இலக்கு இருக்கிற இடத்திலிருந்து. மெல்லிசாக, விட்டு விட்டு. ரொம்ப நேரமாக இழுத்துப் பிடித்து, கை ஆடுகிற ஒரு வில்லின் சத்தம். என் மேலெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் இருந்த மணப்பாட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

டீச்சர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“அண்ணாச்சி, பிள்ளை கையில என்ன வச்சிருக்கா?”

அவர் முழித்தார். “கையா? கையை நான் பாக்கலையே. மூஞ்சியத்தான் பாத்தேன்.”

“இன்னொருக்கா இழுங்க. இந்தத் தடவை கையைப் பாருங்க.”

இழுத்தார். இப்போது ரெண்டு சத்தம் கேட்டது, கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று.

“வில்லு வச்சிருக்கா.”

“தொங்கவிட்டிருக்காளா?”

“இல்ல. இழுத்துப் பிடிச்சிருக்கா. அம்பு இருக்கு. என்னையப் பாத்து நீட்டியிருக்கா.”

வில்லை இறக்கினார்.

“என்னைய அடிக்கப் போறாளா, டீச்சர்? எம்புள்ள என்னைய அடிப்பாளா?”

டீச்சர் கோட்டைத் தாண்டி, இலக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கையில் யாரும் அம்பு விடக்கூடாது. அந்த மன்றத்தில் வேறு எதற்கும் டீச்சர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, இதற்கு மட்டும் போடுவார். கஸ்பார் அண்ணனும் நாணிலிருந்து அம்பை உருவிவிட்டார்.

டீச்சர் இலக்குக்குப் பக்கத்தில் போய், இந்தப் பக்கம் திரும்பினார். அவரைச் சுற்றிக் கானல் ஆடியது. அந்த முனகல் அவர் நின்ற இடத்திலிருந்துதான் வந்தது. அவர் பயந்த மாதிரியே தெரியவில்லை. ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, நடுவில் இடுக்கு விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். எங்களை என்ன, கஸ்பார் அண்ணனைத்தான் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்து வந்தார்.

“அங்கன நின்னு பாத்தேன், அண்ணாச்சி. பிள்ளைக்கு நேரா ஒரு ஆளு நிக்காரு. ஆளு நிக்கையில அவ அம்பு விடமாட்டா. நான் பழக்குன பிள்ளை.”

அவருக்கு அது உள்ளே போக நேரமாயிற்று.

“விட முடியலன்னா இறக்க வேண்டியதான?” என்றார். “ஏன் இப்பிடிப் பிடிச்சுக்கிட்டே நிக்கா?”

“நீங்க ஏன் நிக்கீங்க?”

“இறக்குனா மூஞ்சி தெரியாதுலா...”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ப்பக்கத்தில் சத்தம் இப்போது விட்டு விட்டு வரவில்லை. தொடர்ந்து வந்தது. கஸ்பார் அண்ணன் ரெண்டு காதையும் பொத்தப் போனார். இடது கை மேலே ஏறவில்லை. அந்தக் கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். இத்தனை பெரிய உடம்புக்காரர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“இன்னும் ஒரே ஒரு நாளு பாத்துக்கிடுதேன், டீச்சர். ஒரு நாளு. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்.”

“பாத்துக்கிடுங்க,” என்றார் டீச்சர். “ஆனா பிள்ளைக்கும் கை வலிக்கும்லா, அண்ணாச்சி.”