கச்சிராயன் வைத்த மீசைப் பந்தயம்

மருதங்கோட்டையில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. வேட்டை கிடையாது, மல்யுத்தம் கிடையாது. மகாராஜா உத்தண்டர் கூண்டுப் புலி மாதிரி சபா மண்டபத்தில் நடையாய் நடப்பார். அதற்காகவே அரண்மனைக் கதைக்காரி காந்திமதி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவள் கதை சொல்லுவாள். ஆனால் கதைக்குள்ளே நடமாடுகிறவர்கள் கேட்கிறவர்கள்தான். "எதிரே காடு. உள்ளே உறுமல் சத்தம். என்ன செய்யப் போறீங்க?" என்பாள். "வில்லை எடுக்கிறேன்!" என்பார் மகாராஜா. "நான் மகாராஜாவுக்குப் பின்னால் நிற்கிறேன்" என்பார் அமைச்சர். அப்புறம் சோழி உருட்ட வேண்டும். நிமிர்ந்தால் நினைத்தது நடக்கும், கவிழ்ந்தால் நடக்காது. ஒரே ஒரு சட்டம்: சோழி விழுந்தபின் நடந்தது நடந்ததுதான். கதைக்காரியே நினைத்தாலும் மாற்ற முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ராணியின் தம்பி கச்சிராயன் வந்து உட்காரும் வரை.

ஒருநாள் காந்திமதி, புதையலுக்கு வழி தெரிந்த ஒரே கிழவரைக் கதையில் கொண்டுவந்தாள். கிழவர் வாயைத் திறப்பதற்குள், "தலையை வெட்டினேன்!" என்றான் கச்சிராயன். சோழியும் நிமிர்ந்து தொலைத்தது. புதையல் போயிற்று. மறுநாள், தங்க இடம் கொடுத்த ஊரின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தான். அதற்கடுத்த நாள், நடு ஆற்றில் அமைச்சர் உட்கார்ந்திருந்த பரிசலில் ஓட்டை போட்டான்.

"ஏன் துரை இப்படி?" என்றார் அமைச்சர், நிஜமாகவே நனைந்துவிட்டவர் மாதிரி.

"சும்மாதான்," என்று மீசையை முறுக்கினான்.

ராணிக்கு ஒரே தம்பி. மகாராஜாவால் அவனை ஒரு சொல் சொல்ல முடியாது. சொல்ல முடியாத கோபமெல்லாம் கதைக்காரி மேல் திரும்பியது.

"காந்திமதி! நாளைக்குத் தொடங்குற கதை உருப்படியா முடியணும். என் மச்சான் வாயைக் கட்டக்கூடாது. கதையில அவனைக் கொல்லக்கூடாது, விரட்டவும் கூடாது. முடியலேன்னா அரண்மனை வீட்டைக் காலி பண்ணிடு."

"அப்படி ஒரு கதை முடிஞ்சுட்டா என் மீசையை எடுத்துடறேன்!" என்று சிரித்தான் கச்சிராயன்.

காந்திமதியின் இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் படையோடு வடக்கே போயிருந்தான். கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கூரைக்கடியில் போய் நிற்பாள்?

மறுநாள் காலை குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் அதே நினைப்புதான். "ஆ காட்டு தங்கம்" என்றால் அது உதட்டை இறுக்கிக்கொண்டது. முகத்தைத் திருப்பியது. அலுத்துப்போய், "வேண்டாமா? போ, உனக்குக் கிடையாது. காக்காய்க்குத்தான்," என்று கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கைக்குப் பின்னாலேயே வந்தது.

காந்திமதி அந்தக் குட்டி வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உருண்டையை ஊட்டிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

மாலையில் தூணோரம் தூளியைக் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுக் கதையைத் தொடங்கினாள்.

"ஒரு ஊர். அதன் எல்லையில ஒரு அரக்கன். மகாராஜாவும் அமைச்சரும் ஊரைக் காக்க வந்த வீரர்கள். அரக்கன் நம்ம சின்னத்துரை."

கச்சிராயன் முகம் மலர்ந்தது. "என்ன வேணும்னாலும் செய்யலாமா?"

"செஞ்சே ஆகணும், துரை. நீங்க வெட்டி, கொளுத்தி அட்டூழியம் பண்ணப் பண்ண எனக்குக் கதை தானா முடிஞ்சுடும். கையில பந்தம், எதிரே வைக்கோல் போர். கொளுத்துங்க!"

மலர்ந்த முகம் சுருங்கியது. "நான் கொளுத்தினா உனக்கு நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"அப்போ பந்தத்தை அணைச்சிட்டேன்!" சோழி நிமிர்ந்தது.

"ஐயையோ!" காந்திமதி தலையில் கை வைத்தாள். "அரக்கன் இப்படிச் செய்யலாமா? சரி, அதோ ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஆத்தைக் கடக்கறா. வெள்ளம் வருது. ரெண்டு பேரையும் முழுங்கிடுங்க."

"மாட்டேன். தூக்கிக் கரையேத்தறேன்!"

சோழி கவிழ்ந்தது. வெள்ளம் இருவரையும் அடித்துக்கொண்டு போயிற்று. காந்திமதியின் கண் தானாகத் தூளிப் பக்கம் போனது.

"விட மாட்டேன்! நானும் குதிக்கிறேன்!" என்று கச்சிராயன் மறுபடி உருட்டினான். நிமிர்ந்தது. தாயும் பிள்ளையும் கரை சேர்ந்தார்கள்.

"கெடுக்கறீங்களே துரை!" என்றாள். அவள் குரல் நடுங்கியதில் பாதி நடிப்பு, பாதி நிஜம்.

அவள் கெஞ்சக் கெஞ்ச அவனுக்கு உற்சாகம் ஏறியது. களஞ்சியத்துக்கு வந்த திருடர்களைத் துரத்தினான். காலில் வெட்டு வாங்கினான். கடைசியில் எழுந்தே நின்றுவிட்டான். "எல்லையை விட்டு நகர மாட்டேன்! எவன் இந்த ஊருக்குள்ள வரான்னு பாக்கறேன்! செத்துது உன் அரக்கன் கதை!" சோழி சுத்தமாக நிமிர்ந்து விழுந்தது.

காந்திமதி மெல்லச் சொன்னாள். "ஊர்ச்சனம் வெளியே வந்தது. வேப்பமரத்தடியில அரிவாளோட கண் இமைக்காம நிக்கறவரைப் பார்த்தது. மாலை போட்டுப் பொங்கல் வைச்சுது. அன்னையிலேருந்து அவர்தான் அந்த ஊருக்கு எல்லைச்சாமி. கதை முடிஞ்சுது, மகாராஜா."

"முடிஞ்சுதா?" கச்சிராயன் விழித்தான். "நான்தான் கெடுத்தேனே!"

"இவ்வளவு அழகா யாரும் கெடுத்ததில்லை, துரை. சோழி விழுந்தாச்சு. நடந்தது நடந்ததுதான்."

"நாவிதனைக் கூப்பிடுங்கள்!" என்று குதித்தார் அமைச்சர். பரிசலை அவர் இன்னும் மறக்கவில்லை. கச்சிராயன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம் மகாராஜா," என்றாள் காந்திமதி. "இப்பத்தான் ஒரு ஊரைக் காவல் காக்க ஒத்துக்கிட்டிருக்கார். மீசையில்லாத எல்லைச்சாமிக்கு எந்தத் திருடன் பயப்படுவான்?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. "அந்த வீடு இனி உனக்கே! ஒழுகாத ஓடும் போட்டுத் தரச் சொல்றேன்!"

அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

"துரை, நீங்க மட்டும் தூளிப் பக்கம் போயிடாதீங்க," என்றாள் காந்திமதி.

கச்சிராயன் விறுவிறுவென்று போய்த் தூளியை ஆட்டத் தொடங்கினான்.