மாடி வைத்த தொழுவம்

வெகு காலத்துக்கு முன், வெண்குன்ற நாட்டைக் கொற்றவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் கோட்டை மதிலைச் சுற்றிலும் ஊர் மாடுகளுக்கான மேய்ச்சல் வெளி இருந்தது. அங்கே மாட்டுத் தொழுவம் தவிர வேறெதுவும் கட்டக்கூடாது. தொழுவத்தில் எவர் மாடு ஒதுங்கினாலும் விரட்டக்கூடாது. இது அவன் தந்தை போட்ட சட்டம்.

பொக்கிஷ அதிகாரி மல்லப்பருக்கு அந்தப் பச்சை மேல் ஒரு கண். அங்கே இரண்டடுக்கு மாளிகை எழுப்பி, வாசலில் ஒரு கிழட்டுப் பசுவைக் கட்டினார்.

"இதுவும் தொழுவந்தான் பிரபு!"

அரசன் விழுந்து விழுந்து சிரித்து, தொழுவம் என்றே ஓலையில் முத்திரை வைத்துக் கொடுத்தான்.

"தொழுவத்துக்கு மாடி எதற்கு மல்லப்பரே? மாடு படியேறுமா?" என்றார் மந்திரி இளநம்பி.

"உமக்குக் கட்ட வக்கில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்!"

மல்லப்பர் அரசனுக்கும் அங்கே ஒரு வசந்த மாளிகை கட்டித் தந்தார். அதன் வாசலிலும் ஒரு பசு. பிறகு யார் யாரைத் தடுப்பது? வசதி உள்ளவரெல்லாம் 'தொழுவம்' கட்டினார்கள். புல் சுருங்கியது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

மாடு மேய்க்கும் பூவாயி மந்திரியிடம் வந்து அழுதாள். "எங்க மாடு எங்க மேயும் சாமி? அடிமாட்டுக்கா விக்கிறது?"

"விற்காதே. மாட்டுப் பொங்கலன்று எல்லா மாட்டையும் அந்தத் தொழுவங்களுக்கே ஓட்டி வா. காவலரிடம் நான் சட்டம் சொல்லிக்கொள்கிறேன்."

அன்று விருந்துண்டு அரசன் வசந்த மாளிகையில் பட்டு மெத்தையில் சாய்ந்திருந்தான். சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு மாடு தலையணையைக் கவ்வியது. இன்னொன்று நடுக்கூடத்தில் சாணி போட்டது.

"யாரடி நீ? என் மாளிகைக்குள்..."

பூவாயி கோலைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். "மாளிகையா? தொழுவம்னுதானே சாமி முத்திரை வச்சீங்க?" பிறகு மெத்தையைப் பார்த்தாள். "அரமனையில எடம் பத்தலையா சாமி? மாட்டோட மாடா படுத்திருக்கீங்களே!"

அவள் குரலில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அரசனைச் சுட்டது.

மல்லப்பர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிரபு! என் வீட்டு மாடியில் எருமை நிற்கிறது!"

"படியேறுமா என்ற சந்தேகம் தீர்ந்தது," என்றார் பின்னாலேயே வந்த இளநம்பி. "அரசே, இது வீடா, தொழுவமா? தொழுவமென்றால் மாடு இருக்கட்டும். வீடென்றால் சட்டம் இருக்கட்டும்."

அரசனால் நிமிர முடியவில்லை.

"வீடுதான். அன்றைக்கும் தெரியும். தெரிந்தேதான் சிரித்தேன்."

முதலில் அவன் மாளிகையை இடித்தார்கள், பிறகு மற்ற 'தொழுவங்களை'. புல் முளைக்கும்வரை ஊர் மாடுகளுக்கு மல்லப்பரே தலைச்சுமையாக வைக்கோல் சுமந்தார். இளநம்பியிடம் அந்த வெளியின் காவல் வந்து சேர்ந்தது.

வசந்த மாளிகையில் ஒரு கல்தூணை மட்டும், மாடுகள் உடம்பு தேய்த்துக்கொள்ளட்டும் என்று அரசன் விட்டுவைத்தான். அந்த வழியே போகும்போதெல்லாம் குதிரையை விட்டு இறங்கித் தலை குனிந்தே நடந்தான். மாடுகள் தூணில் உரசிவிட்டு, நிமிர்ந்து நடந்தன.