கத்தி பட்ட ஜூனிபர்

"டீச்சர், என் இஷ்டத்துக்கு ஒரு மரத்தை வளைக்க எனக்கு எப்பதான் அனுமதி?" என்று கேட்டார் வைரவன்.

ஜெசிந்தா டீச்சர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார்.

வைரவனுக்கு அறுபத்து மூன்று வயது. டீச்சருக்கு முப்பத்தெட்டு. கோத்தகிரியில் டீச்சர் வீட்டுக்குப் பின்புறச் சரிவில் நூறு போன்சாய் மரங்களாவது இருக்கும். சனிக்கிழமை தவறாமல் வைரவன் அங்கே போய்ப் பாடம் கேட்டார்.

அவர் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவர். அடுத்தவர் போட்ட கோட்டின் மேலேயே சங்கிலியை இழுத்து இழுத்து அலுத்துப்போனவர். ஓய்வு பெற்றபின் ஆசையாக மரம் வளர்க்க வந்தால், இங்கேயும் கோடு. நேராக நிற்கிற மரத்துக்கு ஒரு விதி, சாய்ந்த மரத்துக்கு ஒரு விதி, அருவி மாதிரித் தொங்குகிற மரத்துக்கு வேறொரு விதி. முதல் கிளை இந்தப் பக்கம் என்றால் இரண்டாவது அந்தப் பக்கம். மரத்துக்குமா பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவர் மனதில் ஒரு மரம் இருந்தது. அதன் தண்டு தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். அங்கிருந்து திரும்பி மேலே ஏறி, குனிந்து தன் வேரையே பார்க்கும். அப்படி ஒரு மரத்தை உலகத்தில் யாரும் செய்ததில்லை என்று அவர் நம்பினார்.

டீச்சர் சரிவின் கடைசி வரிசைக்குப் போய் ஒரு ஜூனிபர் மரத்தைத் தூக்கிவந்தார். ஒரு முழ உயரம். தண்டு இரண்டு விரல் தடிமன். அடியில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

"இது இஸ்ரவேல் மாஸ்டர் எனக்குக் கொடுத்தது. அந்தத் தழும்பு அவர் கத்தி பட்டது. இனிமே உங்க மரம் சார்."

எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த இஸ்ரவேல் மாஸ்டர்தான் டீச்சருக்குக் குரு. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது.

வைரவன் மரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதை எப்படி வளைக்க வேண்டும் என்று கேட்டார்.

டீச்சர் அதற்குள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.



வீட்டில் வைத்து வளைத்தார். தண்டைச் சுற்றி ஈரச் சணல், அதன்மேல் கம்பி. பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பகல் முழுக்க. சாயங்காலம் நாலு மணிக்கு முறுக்கைக் கடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது.

ஒடிந்த இடத்தை அவசரமாகச் சேர்த்துக் கட்டினார். மரம் பச்சையாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் பச்சை. அதற்கடுத்த வாரமும் பச்சை. வளைவு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று டீச்சரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஜூனிபருக்கு ஒரு குணம் உண்டு. செத்தாலும் உடனே காட்டிக்கொள்ளாது.

ஆறாவது வாரம் ஒரு கிளையை விரலால் நிமிண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தனை நாளும் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மரம் போனது ஒரு துக்கம். மாஸ்டரின் ஞாபகமாக டீச்சரிடம் இருந்த ஒரே மரம் அது, அதை நம்பிக் கொடுத்தார்களே என்பது அதைவிடப் பெரிய துக்கம். போய்ச் சொன்னால் டீச்சர் திட்டமாட்டார். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அறுபத்து மூன்று வயதில் மனிதன் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். செத்த மரத்தை டேப் வைத்து அளந்தார். குன்னூரில் ஒரு நர்சரிக்குப் போய், ஒரு காலைப்பொழுது முழுக்கக் குனிந்து தேடி, அதே உயரம், அதே தடிமனில் ஒரு ஜூனிபரை வாங்கினார். அடியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் கத்தியால் ஒரு வெட்டு. வெட்டு புதிதாகத் தெரியக்கூடாது என்று அதன்மேல் ஈர டீத்தூளைத் தேய்த்தார். சர்வேயர் வேலையை அவ்வளவு துல்லியமாக அவர் சர்க்காருக்குக்கூடச் செய்ததில்லை.

சனிக்கிழமை மரத்தைக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் வைத்தார். கம்பியைப் பிரித்துவிட்டதாகவும், வளைப்பதற்கு அவசரப்பட வேண்டாமென்று தோன்றியதாகவும் சொன்னார்.

டீச்சர் உட்கார்ந்தார். கட்டைவிரலால் தழும்பை ஒருமுறை தடவினார். எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் டீயும் தட்டு நிறைய வர்க்கி பிஸ்கட்டும் இருந்தன.

"சாப்பிடுங்க சார்" என்றார்.



அன்றிலிருந்து வாராவாரம் வர்க்கி. வைரவனுக்கு அது ஒவ்வொன்றும் தொண்டையில் சிக்கியது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், வாய்விட்டு அழவும் முடியவில்லை.

புது மரத்தின்மேல் ஒரு கம்பிகூடச் சுற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை. நேராக நிறுத்தினார். முதல் கிளை இந்தப் பக்கம், இரண்டாவது அந்தப் பக்கம். நுனியைக் கோபுரம்போலக் கத்தரித்தார். நாலு மாதத்தில் அந்த மரம் நல்லொழுக்கச் சான்றிதழ் வாங்கின பிள்ளைபோல நின்றது.

"என்ன சார், பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே நிக்குது?" என்றார் டீச்சர்.

விதி என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று வைரவன் முனகினார். இதைச் சொல்வது தான்தானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மே மாதக் கண்காட்சியில் இந்த மரத்தை வைக்கலாம் என்றார். பக்கத்தில் ஒரு போர்டு: 'இஸ்ரவேல் மாஸ்டரின் மரம்'. வைரவன் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்த வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை. தன்னிடம் பொய் சொல்லிக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம். டீச்சரிடம் சொன்ன பொய்யைக்கூடச் சுமந்துவிடலாம். செத்துப்போன மனிதர் பெயரில், ஊர் பார்க்க, நர்சரி மரத்தை எப்படி நிறுத்துவது?

சனிக்கிழமை மரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். வர்க்கித் தட்டு வந்தது. அவர் தொடவில்லை.

"டீச்சர், இது மாஸ்டர் மரம் இல்ல."

டீச்சர் வர்க்கித் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அதை நான் கொன்னுட்டேன். வளைக்கறேன்னு ஒடிச்சுட்டேன். இது குன்னூர் நர்சரியில வாங்கினது. தழும்பு நான் போட்டது." அவர் கைகூப்பினார். "இனிமே நான் வரலை. உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தகுதி இல்ல."

"எழுந்திரிங்க சார்" என்றார் டீச்சர்.

விரட்டுகிறார் என்று நினைத்து வைரவன் செருப்பைத் தேடினார். டீச்சர் அவர் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

அங்கே சுவரோரம் ஒரு பலகை. அதன்மேல் ஒரே ஒரு பழைய தொட்டி. அதில் ஒரு செத்த ஜூனிபர், பட்டையெல்லாம் உதிர்ந்து, வெள்ளையாக நின்றது. தண்டின் நடுவில் ஒரு முடிச்சு. கயிற்றில் போடுவதுபோல யாரோ மரத்தை முடிச்சுப் போட முயன்று பாதியில் ஒடித்திருந்தார்கள்.

அடியில் ஒரு தழும்பு இருந்தது.

"இதுதான் மாஸ்டர் கொடுத்தது" என்றார் டீச்சர். "அப்போ எனக்கு இருபத்து மூணு வயசு. மரத்தை முடிச்சுப் போட்டா என்னன்னு தோணுச்சு. ரெண்டு மாசம் பச்சையா இருந்து என்னை ஏமாத்திடுச்சு."

வைரவன் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார்.

"அப்போ எனக்குக் கொடுத்தது?"

"அதுவும் குன்னூர்தான். பதினஞ்சு வருஷம் வச்சிருந்தேன் சார். அதுமேல ஒரு கம்பி சுத்தினது கிடையாது. உங்ககிட்ட கொடுக்கறப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"போர்டு எழுதிட்டீங்களா?"

"தினம் எழுத உக்கார்றேன். கையும் வரலை."

வைரவன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். மாஸ்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

டீச்சர் தலையசைத்து இல்லை என்றார்.

"அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தாரு. ஒருநாள்கூட என்னால சொல்ல முடியலை. நீங்க நாலே மாசத்துல சொல்லிட்டீங்க."

"அவருக்குத் தெரியவே தெரியாதா?"

டீச்சர் சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

"மரத்தைக் கொண்டுபோனா தழும்பைத் தடவிப் பார்ப்பாரு. அப்புறம் உள்ள போய் வர்க்கி எடுத்துட்டு வருவாரு."

வைரவன் அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் போய்ப் புது ஜூனிபரைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். எதிரில் தானும் சப்பணமிட்டு உட்கார்ந்து, தழும்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எதைத் தேய்ச்சீங்க?"

"டீத்தூள்."

"நான் காப்பித்தூள்" என்றார் டீச்சர். "உங்களோடது நல்லாப் பிடிச்சிருக்கு."

பிறகு கம்பிச் சுருளைப் பிரித்து, ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தார். மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டார்.

"போன தடவை எந்த இடத்துல ஒடிஞ்சதுன்னு காட்டுங்க சார்."