மங்கிய மூலை

ஜப்பானில் இவனாமி மேல்நிலைப் பள்ளியின் பெண்கள் வாலிபால் அணி தடுப்பாட்டத்துக்குப் பேர்போனது. ஊர்ப் பத்திரிகை புகழ்ந்ததெல்லாம் பந்தைத் தரையில் விழவிடாத மிசுஹோவைத்தான். ஓங்கி அடிக்கும் கேப்டன் ஹயாசேவுக்கு வயிறு எரிந்தது.

"ஏய் குள்ளி, நான் அடிக்கிற அஞ்சு பந்தையும் தனியா நின்னு எடு. ஒண்ணு விழுந்தாலும் அணியை விட்டே போயிடணும்."

"சரிங்க அக்கா. தரையைத் துடைச்சிட்டு வந்துடறேன்."

அங்கே ஆட்டக்காரர்களே தரை துடைப்பது வழக்கம். கேப்டனானதிலிருந்து ஹயாசே மட்டும் மாப்பைத் தொட்டதில்லை.

மிசுஹோ துடைத்துவிட்டு நடுவில் நின்றாள். ஹயாசே எகிறியதுமே இடது மூலைக்கு ஓடினாள். ஐந்து முறையும் பந்து அங்கேதான் வந்தது, ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. கோபத்தில் கை பழகிய வழியே போகும் என்பது விதிப்புத்தகத்தில் இல்லாத விதி.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"தினமும் துடைக்கிறேனே அக்கா. நீங்க தனியா அடிச்சுப் பழகற பக்கத்துல, பந்து விழுந்து விழுந்து இந்த மூலை மட்டும் பாலிஷ் போய் மங்கிக் கிடக்கு."

அணி மொத்தமும் குனிந்து பார்த்துச் சிரித்தது.

மறுநாள் முதல் ஆளாக மாப்போடு வந்தவள் ஹயாசே. பொறாமை தீரவில்லை, மிசுஹோ காக்கும் பக்கத்தில் மங்கிய இடம் ஒன்றாவது அகப்படுமா என்று தேடித்தேடித் துடைத்தாள்.

அங்கே பந்து விழுந்திருந்தால்தானே!