நல்ல காலுக்கு மாவுக்கட்டு

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது நெருங்குகிறது. குரு ஸ்கூட்டரில் வருவார், சீடர் காரில் வருவார். ஊர் திருநெல்வேலி, மாதம் மண்டையைப் பிளக்கிற சித்திரை.

குருவின் பெயர் செண்பகவல்லி. கட்டடக் கலைஞர். சனிக்கிழமைகளில் தன் அலுவலக மாடியில், ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருக்கும் கட்டடக் கலைஞர்களுக்கு வகுப்பு எடுப்பார். வெயிலும் மழையும் முன்போல இல்லை, சட்டங்கள் முன்போல இல்லை, கம்ப்யூட்டரே படம் வரைந்து தள்ளுகிறது. அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? தலை நரைத்தவர்களும் வந்து உட்கார்ந்து, அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சீடரின் பெயர் அருமைநாயகம். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. அந்தச் சந்தேகம் அவருக்கும் ஒருநாளும் வந்ததில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"டீச்சர், ஒரு உதவி. எனக்கு ஒரு தப்பு வேணும்."

"என்ன வேணும்?"

"தப்பு. சின்னதா, பாக்க லட்சணமா ஒண்ணு."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு அறக்கட்டளை, தாய்சேய் மருத்துவமனை கட்டப்போகிறது. அதைத் தான் கட்டவேண்டும் என்று அருமைநாயகத்துக்குக் கொள்ளை ஆசை. கிடைத்தால் இன்னும் பத்து வருஷம் தலைநிமிர்ந்து நடக்கலாம். கிடைக்காவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய், பேரனின் ஸ்கூல் பையைத் தூக்கவேண்டியதுதான். பேரன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பைதான் கனம்.

கடைசிச் சுற்றில் மூன்று பேர். திங்கட்கிழமை நேர்காணல். தேர்வுக்குழுத் தலைவியான ஒரு டாக்டரம்மா மூன்று பேருக்கும் போன் செய்து, ஒரு கேள்விக்குத் தயாராக வரச் சொல்லியிருந்தார். இதுவரை கட்டிய கட்டடங்களில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் டீச்சர். ஒண்ணும் ஞாபகம் வரல."

"கம்ப்யூட்டர்ட்ட கேக்கலையா?"

அருமைநாயகம் நெளிந்தார். "கேட்டேன். 'அளவுக்கு மீறி முழுமையைத் தேடினேன்'னு சொல்லச் சொல்லுது."

"மத்த ரெண்டு பேர்ட்டயும் அதையேதான் சொல்லியிருக்கும்."

"அதான் உங்கள்ட்ட வந்தேன். நல்ல தப்பா ஒண்ணு சொல்லிக் குடுங்க."

செண்பகவல்லி ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கட்டினதுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது சார்?"

இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பைபாஸ் ரோட்டில் இருக்கும் எலும்பு முறிவு ஆஸ்பத்திரி. அதன் வாசல் படிகளுக்காகவே அவருக்கு ஒரு விருது கிடைத்தது. யானை ஏறிப்போகிற மாதிரி அகலமான கருங்கல் படிகள்.

"கடைசியா அங்க எப்ப போனீங்க?"

"திறப்பு விழாவுக்கு முந்தின நாள். போட்டோ எடுக்க. விடியக்காலை வெளிச்சம் பாருங்க, அப்படியே தங்கம். ஒரு ஆள் குறுக்க வரக்கூடாதுன்னு வாட்ச்மேனைக்கூடத் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்குப் போகணும்? எனக்கு எலும்பு எதுவும் முறியலையே."

செண்பகவல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வாங்க சார். பக்கத்துத் தெருவுலதான் எங்க சித்தி மகன் கிளினிக் வெச்சிருக்கான்."

தம்பியும் எலும்பு டாக்டர்தான். அக்கா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டினார். ஒரு குறையும் இல்லாத அருமைநாயகத்தின் வலது காலில், பாதம் முதல் தொடை வரை, சுடச்சுட மாவுக்கட்டு ஏறியது.

"டீச்சர், இது எதுக்கு?"

"தப்பு வேணும்னீங்களே."

"தப்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"சாயங்காலம் வெட்டி எடுத்துருவான். பயப்படாதீங்க."

பேண்ட் ஏறவில்லை. தம்பி தன் கட்டம்போட்ட லுங்கியைக் கொடுத்தார். விருது வாங்கிய கட்டடக் கலைஞர் லுங்கியும் கட்டுமாக, கிளினிக்கின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேனில் ஏறி, தான் கட்டிய ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார். உச்சி சாய்ந்தும் வெயில் கொளுத்தியது.

படிகள் முன்னால் உயர்ந்து நின்றன. அழகுதான், இப்போதும் அழகுதான். அருமைநாயகம் ஒரு கணம் பெருமையோடு பார்த்தார். அடுத்த கணம் தான் உட்கார்ந்திருப்பது நாற்காலியில் என்பது நினைவுக்கு வந்தது.

"எப்படி சார் போகணும்?" என்றார் செண்பகவல்லி, ஒன்றும் தெரியாதவர்போல.

"ராம்ப் இருக்கே! சட்டப்படி வெச்சிருக்கேன். சாய்வு அளவு சுத்தமா இருக்கும்."

"எங்க?"

"பின்பக்கம்."

பின்பக்கம் என்பது லேசில் வந்துவிடவில்லை. முழுக் கட்டடத்தையும் சுற்றவேண்டும். ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, சமையலறை ஜன்னலைத் தாண்டி, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து போனால் சாய்தளம் வந்தது. அளவு சுத்தமாகத்தான் இருந்தது. சட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

செண்பகவல்லி மூச்சுப் பிடித்துத் தள்ளி மேலே கொண்டுபோனார். சாய்தளம் முடிகிற இடத்திலேயே கதவு. அருமைநாயகம் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். திறக்கவில்லை.

"இழுக்கணும் போல சார்."

இழுத்தார். கதவு வெளிப்பக்கமாக அவரை நோக்கியே திறந்துகொண்டு வந்தது. வந்த கதவுக்கு வழிவிட நாற்காலி பின்னால் போகவேண்டும். பின்னால் இருந்தது சாய்தளம். குருவும் சீடரும் ஒன்றாகக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

மறுபடி ஏறினார்கள். மறுபடி இறங்கினார்கள். இம்முறை கொஞ்சம் வேகமாக. கொடியில் கிடந்த ஒரு போர்வை அருமைநாயகத்தின் தலையில் விழுந்தது.

"எந்த மடையன்..." என்று போர்வைக்குள்ளிருந்து ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வெச்சது... உள்ள சுவர்ல கல்லுல ஒரு வேலைப்பாடு செஞ்சிருக்கேன். கதவு உள்பக்கம் திறந்தா அதை மறைச்சிரும்."

செண்பகவல்லி தலையாட்டினார். அது அருமைநாயகத்துக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

அப்போது கக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் இசக்கியப்பன், பஸ் கண்டக்டர். படியில் தொங்கியவனை உள்ளே இழுக்கப்போய்த் தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர்.

"புதுசா வந்திருக்கியளோ? செங்கல் கொண்டாரலையா?"

"செங்கல்லா?" என்றார் அருமைநாயகம்.

"கதவைத் திறந்து முட்டுக் குடுக்கதுக்கு. விட்டா தானா மூடிக்கிடும். இங்க ஒண்ணு கெடந்துச்சு, எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். நான் இப்பம்லாம் வீட்டுலயிருந்தே கொண்டாந்துருவேன்."

தோளில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கொடுத்தார். அருமைநாயகத்தின் கட்டடத்துக்குள் அருமைநாயகம் நுழைந்தது இப்படித்தான்.

உள்ளே வரவேற்பு மேசை. ஒரே கல்லில் செய்தது, நின்றால் நெஞ்சு உயரம். உட்கார்ந்திருப்பவருக்கு அது சுவர்.

"அம்மா, டாக்டரைப் பாக்கணும்" என்றார் அருமைநாயகம் சுவரிடம்.

"யாரு பேசுறது?" என்றது அந்தப் பக்கம்.

"நான்தாம்மா. கீழ."

"கீழயா? கீழ எக்ஸ்ரே. முதல்ல இங்க வந்து பேரு குடுத்துட்டுப் போங்க."

"இங்கதாம்மா இருக்கேன்!"

அவர் கையைத் தூக்கி ஆட்டினார். விரல்களை மட்டும் பார்த்த பெண், ஒரு சீட்டை எடுத்து விரல்களிடம் கொடுத்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. அவர் ஆசை ஆசையாக வைத்தது. வெயில் அதன் வழியாக உள்ளே வந்து பெஞ்சுகளில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. நோயாளிகள் எல்லோரும் எதிர்மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கண்ணாடியில் எட்டிய உயரம் வரை பழைய நாளிதழ்களை ஒட்டியிருந்தார்கள்.

அந்த மூலையில் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கோட்டு சூட்டில், மை பூசிய மீசையோடு, விருது வாங்கும் அருமைநாயகம். இசக்கியப்பன் அதை ஊன்றுகோலால் சுட்டிக் காட்டினார்.

"அந்தா நிக்கான் பாத்தியளா, அவன்தான் இதைக் கெட்டுனவன். சிரிப்பைப் பாருங்க."

அருமைநாயகம் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒடைஞ்ச காலோட வாரவனுக்கு மலை ஏறுத மாதிரி படி. இவன் காலை ஒடைச்சு மாவுக்கட்டுப் போட்டு, இங்கன கொண்டாந்து உக்கார வைக்கணும் சார். என்ன சொல்லுதிய?"

அருமைநாயகம் தன் காலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடிப் பக்கம் போய், ஒட்டியிருந்த நாளிதழை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார் அருமைநாயகம். "வைக்கத்தான் வேணும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கட்டடத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசியிருக்கிறார். ஒருநாள்கூட இதற்குள் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் தம்பி கட்டை வெட்டி எடுத்தார். "இனி இது எதுக்கு, குப்பையில போட்டுரவா?" என்று கேட்டபோது அருமைநாயகம் பாய்ந்து தடுத்தார்.

"வேண்டாம்! அதைக் குடுங்க."

அவர் முகம் மாறியிருந்தது. வெட்கம் போய், கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. போட்டோ எடுத்த விடியற்காலையில் வந்த அதே வெளிச்சம்.

"டீச்சர், தப்பு கிடைச்சிருச்சு! எப்பேர்ப்பட்ட தப்பு! இதை மட்டும் சொன்னா வேலை எனக்குத்தான்."

செண்பகவல்லி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அருமைநாயகம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார். எந்த இடத்தில் குரல் உடையவேண்டும், எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று எல்லாம் ஏற்பாடாயிற்று. திங்கட்கிழமை தேர்வுக்குழுவின் முன்னால் பிளந்த மாவுக்கட்டை மேசைமேல் வைத்தார். சாய்தளத்தைச் சொன்னார், கதவைச் சொன்னார், செங்கல்லைச் சொன்னார். போர்வை விழுந்த இடத்தில் குழு விழுந்து விழுந்து சிரித்தது. இசக்கியப்பன் சொன்னதைச் சொன்ன இடத்தில் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்தபோது கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் செண்பகவல்லி அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்பே அருமைநாயகத்தின் கார் வாசலில் நின்றது. அவர் உள்ளே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் சவரம்கூடச் செய்யவில்லை.

"குடுக்கல டீச்சர்."

"யாருக்குக் குடுத்தாங்க?"

"மூணாவது ஆளுக்கு. அவர் படத்துல மொட்டைமாடியில ஒரு தோட்டம் இருந்துச்சாம். அதுல ஒரு மயில் வேற நிக்குதாம். கம்ப்யூட்டர் போட்ட மயில்."

"தப்புக்கு அவர் என்ன சொன்னாராம்?"

"அளவுக்கு மீறி முழுமையைத் தேடினேன்னு சொல்லியிருக்கார்."

செண்பகவல்லி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் அருமைநாயகத்தின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றது. மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"ஒரு நல்ல காலுக்குக் கட்டுப் போட்டு, உருண்டு, லுங்கி கட்டி, என் படத்துக்கு முன்னாலேயே திட்டு வாங்கி... எல்லாம் எதுக்கு? பொய் சொன்னவருக்குக் கிடைச்சிருச்சு. உண்மையைச் சொன்ன எனக்குக் கைதட்டல்தான்."

செண்பகவல்லி மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"மகனுக்குப் போன் போட்டாச்சு. பெங்களூர் வாரேன்னு சொல்லிட்டேன். ஆபீசை மூட வேண்டியதுதான். இனிமே இந்த ஊர்ல எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க."

செண்பகவல்லி ஆறிக்கொண்டிருந்த காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க சார். அந்தக் கதவு இன்னும் வெளிப்பக்கம்தான் திறக்குது."